கஞ்சியில் போட்ட பொடி

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர். சீனர். முப்பது வயதுக்குள் இருப்பார். ஆங்கிலமும் கொஞ்சம் மலாயும் பேசுவார். தமிழ் தெரியாது.

சிஸ்டர். அவரும் சீனர். அந்த வெளிநோயாளர் பிரிவைப் பல வருடமாக நடத்தி வந்தவர். தமிழ் தெரியாது.

காதர் பாய். நோயாளி. தேக்கா கடைத்தெருவில், கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் கடை போட்டு பத்திரிகை, சோப்பு, சீப்பு, தீப்பெட்டி விற்றவர். ஒரு காலத்தில் மலாய் நன்றாகப் பேசினார். முதல் பக்கவாதத்தில் பேச்சு முழுவதும் போனது. பிறகு தமிழ் மட்டும் திரும்பி வந்தது. மலாய் வரவில்லை.

காதர் பாயின் மனைவி. ஊரிலிருந்து வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. தமிழ் மட்டும்.

நான். அட்டெண்டன்ட் அந்தோணி. வயது நாற்பது. கையில் கோப்பு.

ஐந்து பேர். எல்லோர் பேச்சும் புரிந்தது எனக்கு மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். எழுத்துப் பிழையை மகள் திருத்தினாள். விஷயத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது.

எண்பதுகளின் தொடக்கம். அட்டெண்டன்ட் என்றால் வண்டி தள்ளுவது, கோப்பு எடுப்பது, இரத்தக் குப்பியைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோவது. இதெல்லாம் வேலைத்தாளில் இருந்தது. அதில் இல்லாத வேலை ஒன்று உண்டு. பேச்சை மாற்றிச் சொல்வது. டாக்டர் சொல்வதை நோயாளிக்கு, நோயாளி சொல்வதை டாக்டருக்கு. மருந்து கவுண்ட்டரிலும் அப்படித்தான். அங்கிருந்த மருந்தாளருக்கு ஆங்கிலமும் ஹொக்கியன் சீனமும்தான். தமிழரோ மலாய்க்காரரோ வந்தால், "ஆண்டனி" என்று ஒரு குரல் வரும். நான் போவேன். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது பக்கவாதம் வந்தவருக்குக் கொழுப்பைக் குறைக்க ஒரு சின்ன மாத்திரை கொடுக்கிறீர்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் முடிந்துவிடுகிறது. அன்றைக்கு அது இல்லை. அன்று இருந்தவற்றில் ஒன்று ஒரு பொடி. பொட்டலம் பொட்டலமாக வரும். தண்ணீரில் கலக்க வேண்டும். கலக்கினாலும் கரையாது. ஆற்று மணலில் ஆரஞ்சு வாசனை போட்ட மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. குடித்தவருக்கு மலச்சிக்கல் நிச்சயம். "ஆண்டனி, இது மருந்தா சிமெண்ட்டா?" என்று ஒரு டாக்ஸிக்காரர் கேட்டார்.

அந்தப் பொடி பக்கவாதத்தைத் தடுக்குமா என்று அதே இளம் டாக்டரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். நெஞ்சுக்கு நல்லது என்று நம்ப இடம் இருக்கிறது, மூளைக்கு என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை என்றார். பிறகு ஏன் கொடுக்கிறீர்கள் என்றேன். என் அப்பாவுக்கு என்றாலும் கொடுப்பேன் என்றார். அந்த மாதிரி நேர்மையாகப் பேசுகிற டாக்டர்.

பொட்டலப் பையில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். மற்ற மருந்துகளை இந்தப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். இந்த வரியை நான் தமிழிலும் மலாயிலும் எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஏன் நான்கு மணி நேரம் என்று ஒரு தடவைகூட யாரையும் கேட்டதில்லை.

காதர் பாய்க்கு இந்தப் பொடியும் உண்டு, வேறு மாத்திரைகளும் உண்டு. அதில் முக்கியமானது இரத்தம் உறையாமல் வைக்கிற மாத்திரை. அவருடைய இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதது. அங்கே இரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்த்தான் முதல் பக்கவாதம் வந்தது. அந்த மாத்திரை அளவு குறைந்தால் மறுபடியும் கட்டும். கூடினால் எங்கேயாவது இரத்தம் கசியும். நடுவில் ஒரு சின்ன இடம். அந்த இடத்தில் அவரை நிறுத்தி வைக்க மாதா மாதம் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

நோன்பு மாதம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு காதர் பாய் கவுண்ட்டருக்கு வந்தார். மருந்து வாங்கிக்கொண்டு நகரவில்லை. பகலில் பொடி குடிக்க முடியாதே, என்ன செய்வது என்று கேட்டார். நோன்பை விடமாட்டேன் என்பதையும் முன்னாடியே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலும் தவக்காலம் உண்டு. ஒருவர் அப்படிச் சொன்னால் அதற்குமேல் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவருக்குப் பின்னால் வரிசை கதவுவரை இருந்தது. மருந்தாளர் எனக்கு மூன்றடி பின்னால் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். நான் திரும்பிக் கேட்டிருக்கலாம். திரும்பவில்லை. ஜூஸிலோ கஞ்சியிலோ பொடியைக் கலக்கலாம் என்று அவர் முன்பு ஒருமுறை சொன்னது ஞாபகம் இருந்தது. மிச்சத்தை நானே சேர்த்துக்கொண்டேன்.

"பாய், நோன்புக் கஞ்சி குடிப்பீங்கள்ல? பொடிய அதுல கலந்துடுங்க. மாத்திரையையும் அதோடயே போட்டுக்குங்க. ஒரே வேலையா முடிஞ்சிடும்லா."

காதர் பாய் பாதி வாயால் சிரித்தார். மறு பாதி முதல் தடவையே போயிருந்தது. "இதத்தான் தம்பி நான் கேட்டேன்" என்றார்.

எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. ஒரு மனிதருக்கு அவருடைய நோன்பையும் கொடுத்து மருந்தையும் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வாரமும் அடுத்த வாரமும் நோன்பு பிடிக்கிறவர் யார் பொடி வாங்க வந்தாலும், அவர் கேட்காமலே நான் இதைச் சொன்னேன். தமிழருக்குத் தமிழில். மலாய்க்காரருக்கு மலாயில்.

மூன்றாவது வாரம் காதர் பாயை அவர் மனைவி முறை வருவதற்கு முன்பே கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் முன்பு கடையில் ஒரு வாடிக்கைக்காரர் வழக்கமான பத்திரிகையைக் கேட்டாராம். பத்திரிகை காதர் பாயின் கைக்கு எதிரிலேயே இருந்தது. அவருக்குப் பேர் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மறந்துவிடச் சொன்னாராம். மனைவி மறக்கவில்லை.

இப்படி வந்து போவது அடுத்துப் பெரிதாக ஒன்று வரப்போகிறது என்பதற்கு அறிகுறி. அது உங்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அடுத்தது வந்தால் அந்தத் தமிழும் போய்விடும். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். காதர் பாய்க்கும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் என்று நினைத்தேன். கிட்டே போனபோது கேட்டது. கடைச் சாமான்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சோப்பு. சீப்பு. தீப்பெட்டி. பவுடர். ஷூ லேஸ். முடிந்ததும் மறுபடி சோப்பு. சொற்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. டாக்டர் பார்த்தார். மாத்திரையே சாப்பிடாதவர் இரத்தம் மாதிரி இருக்கிறது என்று சிஸ்டரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, தினமும் மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

"ஒரு நாள் விடல தம்பி. நீங்க சொன்ன மாதிரியேதான். கஞ்சியில, பொடியோட சேர்த்து."

நான் டாக்டரிடம் சொன்னேன்: தினமும் எடுக்கிறாராம், ஒரு நாளும் விடவில்லையாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் பொய் சொல்லவில்லை. முதல் பாதியைச் சொன்னேன். பின் பாதியை விட்டுவிட்டேன். யோசித்தே விட்டுவிட்டேனா என்று கேட்டால், இல்லை. நோயாளி நாலு வரி பேசுவார், நாங்கள் ஒரு வரியாக்கிக் கொடுப்போம். டாக்டர்களுக்கு அது பிடிக்கும். அப்படிக் குறைத்துக் குறைத்துப் பழகிய நாக்கு. ஆனால் எந்தப் பாதியைக் குறைப்பது என்று அன்றைக்கு அந்த நாக்குக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

டாக்டர் அடுத்து, கீரை அதிகம் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். அவர் மனைவியிடம் கேட்டேன்.

"நோன்பு நேரத்துல கீரைக்கு எங்க போறது? கஞ்சிதான். அந்தப் பொடியப் போட்டாக் கஞ்சி கட்டியாப் போயிடுது. மாத்திரை எல்லாம் அதுலயே போய் ஒட்டிக்குது. கரண்டியால சுரண்டிச் சுரண்டி அவுகளுக்குக் கொடுக்குறேன்."

கீரை இல்லை என்று மட்டும் சொன்னேன். மறுபடியும் பாதி.

டாக்டர் பேனாவை எடுத்தார். மாத்திரையின் அளவைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கி எழுதினார். சீட்டைக் கிழித்து சிஸ்டரிடம் கொடுத்தார். சிஸ்டர் என்னிடம் கொடுத்தார். மருந்து வாங்கி வர வேண்டியது என் வேலை. கதவு ஐந்து எட்டு வைக்கும் தூரம்.

இரண்டு எட்டு வைத்தேன். அந்த அம்மா சொன்ன 'ஒட்டிக்குது' காதில் இருந்தது. பையில் இருந்த வரியும் ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரம் முன்பு, நான்கு மணி நேரம் பின்பு. அத்தனை நாள் வாயில் இருந்த வரி அப்போதுதான் தலைக்குள் போனது. கிண்ணத்தில் ஒட்டுவது வயிற்றிலும் ஒட்டினால்?

எனக்கு உறுதியாகத் தெரியாது. அதையும் சொல்ல வேண்டும். நான் மூன்றாம் வகுப்பு. அவர் டாக்டர். தப்பாக இருந்தால் கேலி. சரியாக இருந்தால் இன்னும் மோசம். அட்டெண்டன்ட் மருந்துக்கு யோசனை சொன்னான் என்று கோப்பில் ஏறும். வேலை போகலாம். தோ பாயோ வீட்டில் மூன்று பிள்ளைகள். என்னைத் தவிர அந்த அறையில் யாருக்கும் எதுவும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு நடந்தால் யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை.

பின்னால் காதர் பாய் ஷூ லேஸ்வரை வந்துவிட்டு மறுபடி சோப்பில் தொடங்கினார்.

திரும்பினேன். டாக்டர், அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் சொன்னேன் என்றேன். மிச்சத்தைச் சொன்னேன். கஞ்சி, பொடி, மாத்திரை, எல்லாம் ஒரே கிண்ணம். அப்படிச் செய்யச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். என் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். ஆனால் புரிந்தது. சிஸ்டர் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார்.

டாக்டர் கத்தவில்லை. எந்த நாளிலிருந்து என்று கேட்டார். முதல் நோன்பிலிருந்து என்றேன். என் கையிலிருந்த சீட்டை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

பிறகு விளக்கினார். அந்தப் பொடி இரத்தத்துக்குள் போகிற மருந்து இல்லை. குடலிலேயே இருந்து, பித்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். அந்த வழியாகத்தான் கொழுப்பைக் குறைக்கிறது. கூடவே மாத்திரையும் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். மூன்று வாரமாகக் காதர் பாயின் மாத்திரையில் பெரும்பகுதி இரத்தத்துக்கே போய்ச் சேரவில்லை.

அதைவிட மோசமானது அடுத்து அவர் சொன்னது. இப்போது அளவை இரண்டு மடங்காக்கினால், பெருநாள் முடிந்ததும் இவர் பழையபடி பொடியையும் மாத்திரையையும் தனித்தனியாகச் சாப்பிடுவார். அன்றைக்கு அந்த இரண்டு மடங்கும் முழுசாக இரத்தத்தில் இறங்கும். மூளையில் கசியும். அதுவும் பக்கவாதம்தான். ஒரே தப்பில் அடைப்புக்கு ஒரு வழி, கசிவுக்கு ஒரு வழி.

இதையெல்லாம் அவர்களிடம் சொல் என்றார்.

என் தப்பை நானே தமிழில் மாற்றிச் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் விடவில்லை.

அந்த அம்மா முதலில் பேசினார். "நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

காதர் பாய் என்னைப் பார்த்தார். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "நல்லதுக்குச் சொல்றவன் கேட்டுட்டுச் சொல்லணும்லா."

தலையை ஆட்டினேன். பிறகு அவரே, "அப்ப கஞ்சி குடிக்கலாமா, அதயும் கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டுச் சொன்னேன். கஞ்சியில் தப்பே இல்லை என்று டாக்டர் சொன்னார். பொடியைக் கஞ்சியில் கலப்பதுகூடத் தப்பில்லை. மாத்திரையைச் சேர்த்ததுதான் தப்பு.

அவரை வார்டில் வைத்துக்கொண்டார்கள். பழைய அளவு மாத்திரையே, தனியாக. சில நாளில் இரத்தம் பழைய நிலைக்கு வந்தது. மிச்ச நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று மனைவி சம்மதிக்க வைத்தார். வார்டில் அவரைப் பார்க்கப் போனால், பக்கத்துக் கட்டில்காரரிடம் என்னைக் காட்டி, "கஞ்சி டாக்டர் வர்றாரு" என்பார். பல வருடம் அந்தப் பேர் நிலைத்தது. தேக்காவில் அவர் கடைப் பக்கம் போனால் எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிடுவார். கூப்பிடும் குரல் தெளிவாக இருக்கும். அதைக் கேட்கத்தான் அந்தப் பக்கம் போவேன்.

அன்று மத்தியானம் மருந்தாளரிடம் போய், நோன்பு பிடிப்பவருக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னார். நோன்பு திறக்கும்போது மாத்திரை, விடியுமுன் சாப்பிடும் சஹரில் பொடி. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். பதில் மூன்று வாரமும் எனக்கு மூன்றடி பின்னால்தான் இருந்தது.

அறையை விட்டு வெளியே வருமுன் டாக்டர் ஒன்று கேட்டிருந்தார். இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் சொன்னாய்? தெரியாது என்றேன். அதுதான் அன்றைக்கு நான் சொன்ன பதில்களிலேயே கேவலமானது.

சிஸ்டர் என்னைத் தனியாக உட்கார வைத்தார். புகார் எழுதத்தான் போகிறேன், அது அடுத்த வாரம், முதலில் ஆட்களைக் கண்டுபிடி என்றார். நோயாளி அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகம் ஞாபகம் வந்தது. காதர் பாயைத் தவிர பதினொன்று. பாதிப் பேர் வீட்டில் தொலைபேசி இல்லை. சிஸ்டர் என்னை மற்ற வேலையிலிருந்து இரண்டு நாள் விடுவித்தார். பேருந்து ஏறினேன்.

தோ பாயோவில் நான்கு பேர். ஆங் மோ கியோவில் மூன்று. கேலாங் பக்கம் இரண்டு. மின்தூக்கி சில மாடிகளில்தான் நிற்கும், மிச்சம் படிதான். ஒவ்வொரு கதவிலும் ஒரே பேச்சு. நான் ஆஸ்பத்திரி ஆள். நான் சொன்னது தப்பு. இப்படிச் சாப்பிடுங்கள். நாளைக்கே வந்து டாக்டரைப் பாருங்கள். முதல் கதவில் தப்பு என்ற வார்த்தை வாயில் வரச் சிரமப்பட்டது. ஐந்தாவது கதவில் சாதாரணமாக வந்தது. தப்பை ஒப்புக்கொள்வதும் பழக்கம்தான் போலிருக்கிறது.

ஒரு மலாய் அம்மா தன் கணவரை வைத்துக்கொண்டே என்னை நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆங் மோ கியோவில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டினார். பொடிப் பொட்டலம் ஒன்றும் பிரிக்காமல் அடுக்கியிருந்தது. கவுண்ட்டரில் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு ஒரு நாளும் குடிக்கவில்லை. அவருக்கு மட்டும் என்னால் கெடுதல் இல்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். சொன்னேன். இனிமேல் பாதி சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கடைசி இரண்டு பேர் சுவா சூ காங் பக்கம். அங்கே அப்போது அடுக்குமாடிகள் வரவில்லை. தோட்டங்கள், கோழிப் பண்ணைகள். ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே பார்த்தேன். அடுத்தவர் ஒரு பண்ணையில் காவல்காரர். அட்டையில் இருந்த இடத்துக்குப் போனபோது வீடு இல்லை. சிமெண்ட்டுத் தரை மட்டும் இருந்தது. நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, எல்லோரும் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள் என்று அங்கே ஒருவர் சொன்னார். எந்த ஊருக்கு என்று தெரியவில்லை. பக்கத்து மளிகைக் கடையில் விசாரித்தேன். கடைக்காரரிடம் செய்தி சொல்லி வைத்தேன். டாக்டரைப் பார்க்க அவருடைய அடுத்த முறை இரண்டு மாதம் கழித்து இருந்தது. அந்த நாள் காலையிலிருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

சிஸ்டர் சொன்னபடி புகார் எழுதினார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கொடுக்கும்போது அவர் சொன்னது: நீ அந்தக் கதவைத் தாண்டிப் போயிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது, எனக்கு அதுதான் பயம். அதற்குப் பிறகு கவுண்ட்டரில் ஒரு விதி வந்தது. பேச்சை மாற்றிச் சொல்பவர் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், சொன்னதை முழுசாகச் சொல்ல வேண்டும். இரண்டும் என்னால் வந்தவை.

எண்பதுகளின் கடைசியில் புது மாத்திரை வந்தது. பொடி வாங்குபவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். உங்கள் காலத்தில் மருந்துகள் நல்லவை, கணினி எச்சரிக்கும். ஆனாலும் நோயாளி உங்களிடம்தான் கேட்பார். டாக்டரிடம் கேட்கமாட்டார். உங்கள் முகம் அவருக்குப் பழக்கம், மொழி பழக்கம். அந்த நேரத்தில் பின்னால் திரும்பிக் கேளுங்கள். வரிசை காத்திருக்கும்.

ஓய்வு பெற்ற நாளில் எத்தனை வருட வேலை என்று கேட்டார்கள். கோப்பைப் பார்த்துத்தான் சொன்னேன். கோப்பைப் பார்க்காமல் எனக்குத் தெரிந்த எண்ணிக்கை ஒன்றுதான். அட்டையில் இருந்தவர்கள் பதினொன்று. நான் பார்த்துச் சொன்னது பத்து.